சென்னையில் வீடு மாறும்போது கோயில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

பெரம்பூரிலிருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாறிய முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்கு, அதாவது எங்கள் கிறிஸ்தவ ஆலயத்துக்கு, போகவில்லை, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் குக்கர் விசிலைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது ஞாயிறு பழைய கோயிலுக்கே போவோம் என்று கிளம்பி, கிண்டி தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் திரும்பிவிட்டோம். மூன்றாவது ஞாயிறு ஃபோனில் நேரலை ஆராதனை. நான்காவது ஞாயிறு பக்கத்தில் இருந்த கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். யாரும் எங்களிடம் பேசவில்லை, நாங்களும் யாரிடமும் பேசவில்லை. இப்படியே பத்து மாதம் போய்விட்டது.

அந்தப் பத்து மாதத்தில் எங்கள் விசுவாசம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் ராத்திரி ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நாங்கள் வரவில்லை என்பதைக் கவனிக்க ஆளே இல்லாமல் போய்விட்டது. பழைய கோயிலில் "அங்கே பக்கத்தில் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டார்கள், புதுக் கோயிலுக்கு எங்களைத் தெரியவே தெரியாது. பெரம்பூரில் இருந்தபோது ஒரு வாரம் போகாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் யாராவது ஒரு அக்கா ஃபோன் பண்ணி "என்னாச்சு, உடம்பு சரியில்லையா" என்று கேட்டுவிடுவார். பதினோரு வருடமாக எங்களை வாராவாரம் கோயிலுக்கு அனுப்பியதில் அந்த ஃபோனுக்கு எவ்வளவு பெரிய பங்கு என்று மேடவாக்கத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அதனால் கீழே எழுதுவது எல்லாமே ஒரே விஷயத்தைப் பற்றியதுதான்: வீடு மாறிய பிறகு எவ்வளவு சீக்கிரம், நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமையை ஒருவராவது கவனிக்கும் நிலைக்கு வருவது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள், சென்னைக்கு வந்து பதினேழு வருடத்தில் ஐந்து வீடு மாறியிருக்கிறேன், கடைசி நான்கு வருடமாக எங்கள் சபையில் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துப் பேசுவது என் பொறுப்பு. நிறையக் குடும்பங்கள் இப்படித்தான் நழுவிப் போகின்றன. கோபித்துக்கொண்டோ கொள்கை மாறியோ போகிறவர்கள் கொஞ்சம்தான்.

ஊர் நகர்ந்துவிட்டது, கோயில் நகரவில்லை

சென்னையின் பழைய பெரிய கோயில்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: வேப்பேரி, புரசைவாக்கம், எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை, ராயப்பேட்டை, ராயபுரம், சாந்தோம். எழும்பூர் புனித அந்திரேயா கோயில் 1821-ல் திறக்கப்பட்டது, கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயம் அதற்கும் முன்னால், 1816-ல் பிரதிஷ்டை ஆனது. அந்தக் கோயில்களின் குடும்பங்கள் ஒரு காலத்தில் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. இப்போது? 2001-க்கும் 2011-க்கும் நடுவில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7 சதவீதம்தான் கூடியது, பழைய காஞ்சிபுரம் மாவட்டமோ கிட்டத்தட்ட 39 சதவீதம், திருவள்ளூர் 35 சதவீதம். அதாவது தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம், ஆவடி, பூந்தமல்லி என்று ஊர் வெளிப்பக்கமாகவே பரவிக்கொண்டிருக்கிறது. 2011-ல் மாநகராட்சி எல்லையே 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதே 2011 கணக்கின்படி சென்னை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் கிறிஸ்தவர்கள். அந்தக் குடும்பங்களும் ஊரோடு சேர்ந்து வெளியே போகின்றன, ஆனால் ஞானஸ்நானப் பதிவேடும் பாட்டனாரின் கல்லறையும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

இதற்கு மேல் வாடகை. பதினோரு மாத ஒப்பந்தம், வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொல்வது, பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்ததோ அதன் பக்கத்துக்குப் போவது. ஒரு சபையில் வேரூன்ற எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகிறது, வீடோ இரண்டு வருடத்தில் மாறுகிறது என்றால் கணக்கு எப்படி சரிப்படும்?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா, மெட்ரோ வாட்டரா போரா, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா, பள்ளி வேன் வருமா என்றெல்லாம் கேட்கிறோம். கோயில் எங்கே என்று பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை, குடிபோன பிறகு தேடுகிறோம். அதை முன்னாலேயே செய்யுங்கள். வழி இதுதான்: வீடு பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம் என்ற கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு அந்தப் பகுதிக்குப் போய், பக்கத்துக் கோயிலில் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு வீட்டை இன்னொரு முறை பாருங்கள். ஞாயிறு காலையில் அந்தத் தெருவில் பஸ் வருகிறதா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். வார நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் வழித்தடத்தில் ஞாயிறு காலை அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை நம்பியிருப்பவர்களுக்கும் இதே கதைதான், ஞாயிறு அட்டவணையில் வண்டி குறைவு, பராமரிப்புப் பணி என்று சில வாரம் ரத்தும் ஆகும்.

அப்புறம் காகிதங்கள். பழைய சபையிலிருந்து கிளம்பும்போது ஆயரிடம், அதாவது சபையின் போதகரிடம், சபை மாற்றுக் கடிதம் கேளுங்கள். சபைச் சந்தா பாக்கி இருந்தால் முழுதும் கட்டி ரசீது வாங்கி வையுங்கள், பாக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் பிறகு கடிதம் கேட்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் எந்தச் சபையிலும் பெயர் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் எல்லோருடைய ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) ஆனவர்களின் சான்றிதழ், திருமணப் பதிவின் நகல் இவற்றை ஒரே கோப்பில் போட்டு, பாத்திரப் பெட்டியோடு லாரியில் ஏற்றாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய பள்ளிகள் பலவற்றில் சேர்க்கையின்போது ஞானஸ்நானச் சான்றிதழும் ஆயர் கடிதமும் கேட்பார்கள். மகளுக்குக் கல்யாணம் என்று வந்து ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டிய நேரத்தில் "நீங்கள் எந்தச் சபை அங்கத்தினர்" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது எவ்வளவு வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இதைத்தான் நாங்கள் செய்யாமல் விட்டோம்: சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். கடைசி வாரத்தில் ஆயரையும் தெரிந்த நான்கு குடும்பங்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு ஜெபம் வையுங்கள், காலி பண்ணுகிற வீடுதானே என்று நினைக்க வேண்டாம். அந்த ஜெபத்தில் ஒருவராவது "எங்கே போகிறீர்கள், அங்கே என் மச்சான் இருக்கிறான், அவன் போகிற கோயில் நல்ல கோயில்" என்று சொல்வார். புது இடத்தில் ஒரு பெயரோடு போய் நிற்பதற்கும் பெயரே இல்லாமல் போய் நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பழைய கோயிலா, புதுக் கோயிலா

இந்தக் கேள்வியில்தான் குடும்பங்கள் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஞாயிறு காலைப் பயண நேரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஞாயிறு காலை சொந்த வண்டியில் சென்னையில் எங்கிருந்து எங்கேயும் போய்விடலாம். புதன்கிழமை சாயங்காலத்தை வைத்து முடிவெடுங்கள். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கோ, சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சிக்கோ, யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றால் பார்த்துவிட்டு வருவதற்கோ உங்களால் அந்த இடத்துக்குப் போக முடியுமா? முடியும் என்றால் தூரம் ஒரு பொருட்டில்லை, பழைய கோயிலிலேயே இருங்கள். முடியாது என்றால் நீங்கள் அங்கே போகப்போக விருந்தாளி ஆகிவிடுவீர்கள், அதை இன்றைக்கே ஒத்துக்கொள்வது நல்லது.

மேடவாக்கத்திலிருந்து பெரம்பூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் மாதத்துக்கு ஒரு முறை, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறன்று மட்டும், அங்கே போவோம் என்று வைத்துக்கொண்டோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், மீதி மூன்று ஞாயிறும் இங்கேயும் போகவில்லை, அங்கேயும் போகவில்லை. இரண்டு இடத்திலும் ஒரு காலை வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் உங்களை எதிர்பார்க்க மாட்டார்கள். எனவே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் போக வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரே கோயில்.

பழைய கோயிலை விட மனசு வராததற்கு உண்மையான காரணங்கள் உண்டு, அவற்றைச் சும்மா பாசம் என்று தள்ளிவிட முடியாது. முக்கியமான ஒன்று கல்லறை. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இட நெருக்கடி எப்படி என்று சென்னைக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், புதுக்குழிக்கு இடமில்லாமல் குடும்பக் கல்லறையையே மறுபடி திறக்கிறார்கள். அடக்கத்துக்குச் சபையிலிருந்து ஆயர் கடிதம் கொடுக்க வேண்டும். அதனால் வயதானவர்கள் "என் பெயர் அந்தக் கோயிலிலேயே இருக்கட்டும்" என்கிறார்கள், அது நியாயம்தான். அப்படியென்றால் அப்பா அம்மா பெயரை மட்டும் அங்கே வைத்து, சந்தாவை விடாமல் கட்டிவிட்டு, இளைய குடும்பத்தின் பெயரை இங்கே மாற்றிக்கொள்ள முடியுமா என்று இரண்டு சபைச் செயலர்களிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். விதிமுறை சபைக்குச் சபை மாறும், கேட்காமல் விட்டால்தான் சிக்கல்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கட்டு இருக்கிறது, அது எனக்கும் உண்டு. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்து ஆட்கள் சென்னையில் இருபது வருடம் இருந்தாலும் "நம்ம கோயில்" என்றால் ஊர்க் கோயிலைத்தான் சொல்வார்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் சபையே சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கும் லீவு போட்டுப் போவோம், காணிக்கை ஊருக்கு அனுப்புவோம், சென்னைக் கோயில் ஏதோ தங்கும் விடுதி மாதிரி. ஊருக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஐம்பது ஞாயிறு நாம் இங்கே இருக்கிறோம், பிள்ளைகளுக்கு ஐம்பது ஞாயிறும் இங்கேதான், அவர்களுக்கு ஒரு சொந்தக் கோயில் வேண்டாமா?

முதல் எட்டு ஞாயிறு

புதுக் கோயிலை முடிவு செய்த பிறகு முதல் எட்டு வாரம் ஒன்றுகூட விடக்கூடாது. ஊரிலிருந்து மாமியார் வந்தாலும், ஆபீஸில் வேலை இருந்தாலும். இந்த எட்டு வாரத்தில் பழகாத முகம் பிறகு பழகுவது கஷ்டம்.

எட்டும் ஒரே ஆராதனைக்குப் போங்கள். காலை ஆறு மணி ஆராதனைக்கு வருகிறவர்கள் ஒரு கூட்டம், எட்டரை மணிக்கு வருகிறவர்கள் வேறொரு கூட்டம், ஆங்கில ஆராதனை இன்னொரு கூட்டம். மாற்றி மாற்றிப் போனால் மூன்று கூட்டத்துக்கும் நீங்கள் அந்நியர். அதேபோல் ஒரே பெஞ்சு. யாருடைய வழக்கமான இடத்திலாவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பாட்டி ஒரு பார்வை பார்ப்பார், புன்னகைத்து நகர்ந்து, அவருக்கு அடுத்த இடத்தில் உட்காருங்கள். உங்களை முதலில் கவனிக்கப்போகிறவர் அந்தப் பாட்டிதான்.

"புதிதாக வந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்கவும்" என்று அறிவிப்பு வேளையில் சொல்லும்போது எழுந்து நில்லுங்கள், பெயரும் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதும் தெளிவாகச் சொல்லுங்கள். நாங்கள் நான்கு மாதம் எழுந்து நிற்கவில்லை, ஐந்தாவது மாதம் நின்றால் ஒரு மாதிரி இருக்கும் என்று அப்புறமும் நிற்கவில்லை. பிறந்த நாள், திருமண நாள் அந்த வாரத்தில் வருகிறவர்களை முன்னால் அழைத்து ஜெபிக்கும் வழக்கம் இருக்கும் கோயிலென்றால் கட்டாயம் முன்னால் போங்கள். ஒரு குடும்பத்தில் நான்கு பேர் என்றால் வருடத்தில் ஐந்து தடவை சபை முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்கும். ஸ்தோத்திரக் காணிக்கையைப் பெயர் எழுதிக் கவரில் போடுங்கள், பெயர் வாசிக்கிற இடங்களில் அது வாசிக்கப்படும், அந்தப் பெயரைக் கேட்டு "நாலுமாவடிப் பக்கமா நீங்க?" என்று ஒரு அண்ணாச்சி வந்து நிற்பார். பெருமைக்காகச் செய்கிறோம் என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

ஆராதனை முடிந்ததும் ஓடாதீர்கள். உண்மையான அறிமுகம் எல்லாம் கோயில் வாசலில், வண்டி நிறுத்துமிடத்தில், டீ கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. பதினைந்து நிமிடம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு புதுப்பெயரை மனசில் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது வாரத்துக்குள் ஆயரை வீட்டுக்குக் கூப்பிட்டு வீட்டு ஜெபம் வையுங்கள். இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் போதாது. பெரிய ஏற்பாடு வேண்டாம், சுண்டலும் காபியும் போதும், நாற்காலி இல்லையென்றால் பாய். அந்தத் தெருவிலிருக்கும் சபையாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், பகுதிவாரி ஜெபக்குழு இருக்கிறதா என்று கேட்டு அதன் வாட்ஸ்அப் குழுவில் எண்ணைச் சேருங்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்தவர் நீங்கள் வராத ஞாயிறன்று கண்டிப்பாக யோசிப்பார்.

அதன் பிறகு வேலை கேளுங்கள், பதவி கேட்காதீர்கள். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஸ்டால் போடும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வெங்காயம் நறுக்க எப்போதும் ஆள் தேவை. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகளுக்கு ஜூஸ் கலக்க ஆள் தேவை. பண்டிகையன்று ஏலத்தில் ஒரு வாழைத்தாரோ ஒரு பூசணிக்காயோ எடுங்கள், விலை கொஞ்சம் கூடத்தான் போகும், ஆனால் உங்கள் பெயர் மைக்கில் மூன்று தடவை ஒலிக்கும், அன்றைக்கு மத்தியானம் அந்தப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போகும்போது பத்துப் பேர் பேசுவார்கள். எங்களுக்கு மேடவாக்கத்தில் முதல் சிநேகிதம் அப்படித்தான் கிடைத்தது.

வீடு மாறும் மாதம் உங்கள் கையில் இருந்தால் அக்டோபர், நவம்பர் நல்லது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வரும் பட்டியலில் உங்கள் முகவரியைக் கொடுத்துவிடலாம், ராத்திரி பதினொரு மணிக்கு முப்பது பேர் உங்கள் புது வீட்டு வாசலில் வந்து பாடிவிட்டுப் போனால் அதற்குப் பிறகு நீங்கள் புது ஆள் இல்லை. பிள்ளைகளின் பள்ளியால் பெரும்பாலும் மே மாதம்தான் மாற முடிகிறது, அப்படியென்றால் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள், பத்து நாளில் அவர்கள் பெற்றோரைவிட வேகமாகப் பழகிவிடுவார்கள்.

மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவில் அம்மா

வீடு மாறுவது என்றால் லாரியில் சாமான் ஏற்றுவதை மட்டும் நினைக்கிறோம். சென்னையில் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் வயதானவர்கள்தான், ஒரு பையோடு. என் அத்தை, கணவரின் அம்மா, ஊரில் தனியாக இருக்க முடியாமல் போன பிறகு நான்கு மாதம் எங்களிடம், நான்கு மாதம் ஆவடியில் மூத்தவரிடம், நான்கு மாதம் பெங்களூரில் நாத்தனாரிடம் என்று இருந்தார். ஊரில் ஐம்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், உபதேசியார் (ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஊழியர்) முதல் கோயில் மணியடிக்கிறவர் வரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். இங்கே மூன்று கோயிலிலும் "யாரோட அம்மா?" என்று கேட்டார்கள். இரண்டு வருடத்தில் அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்று சொன்னார். மருந்து கொடுத்தோம். முழங்கால் மட்டும் காரணமில்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

வயதானவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால் அவருக்கென்று தனியாக இதைச் செய்யுங்கள். வந்த வாரமே அவர் பெயரைச் சொல்லி, "இன்னார்" என்று, ஆயரிடம் அறிமுகப்படுத்துங்கள், "எங்க அம்மா" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அவர் வயதுக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு மனப்பாடமான ஞானப்பாட்டும் கீர்த்தனையும் எந்த ஆராதனையில் பாடுகிறார்களோ அதற்குக் கூட்டிப்போங்கள், உங்களுக்குத் தூக்கம் கெட்டாலும் அது பெரும்பாலும் விடியற்காலை ஆராதனைதான். திரையில் ஓடும் புதுப்பாட்டுகளுக்கு நடுவில் அவர் உதடு அசையாமல் நிற்பதைப் பார்க்க முடியாது. நடக்கவே முடியாத நிலை என்றால் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் வருவார்கள், பட்டியலில் பெயர் இல்லாததால்தான் வராமல் இருக்கிறார்கள். அவர் அடுத்த பிள்ளை வீட்டுக்குப் போகும்போது அந்த ஊர் ஆயருக்கு நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள். அத்தைக்கு நாங்கள் இதைக் கடைசி ஒரு வருடம் மட்டும்தான் செய்தோம்.

கத்தோலிக்கர்களுக்கும் பெந்தெகொஸ்தே சபையாருக்கும்

கத்தோலிக்கச் சிநேகிதிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அங்கே பங்கு என்பது எல்லை வகுத்த பகுதி. 1983-ன் திருச்சபைச் சட்டப்படி நிலையாக இருக்கும் எண்ணத்தோடு குடிவந்தாலே அந்தப் பங்கு உங்கள் பங்கு, எண்ணம் எதுவாக இருந்தாலும் ஐந்து வருடம் முடிந்தால் அதுவே ஆகிவிடும், மூன்று மாதம் தங்கினாலும் ஓரளவு உரிமை உண்டு. ஆகவே "எந்தக் கோயில்" என்ற குழப்பம் குறைவு. ஆனால் பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிவு செய்யாமல் வாராவாரம் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். திருத்தலத்தில் ஆயிரம் பேரில் ஒருவராக எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. முதல் மாதமே பங்குத்தந்தையைப் பார்த்துப் பதிவு செய்து, உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வருகிறது என்று கேட்டு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நான் சொல்லும் "கவனிக்கிற ஒருவர்" அங்கே அன்பியத்தில்தான் இருக்கிறார்.

பெரிய பெந்தெகொஸ்தே சபைகளில், உதாரணமாக 1973-ல் தொடங்கி இன்று ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் சைதாப்பேட்டை புதுவாழ்வு ஏ.ஜி. (அசெம்பிளிஸ் ஆஃப் காட்) சபை போன்ற இடங்களில், ஞாயிறு கூட்டத்தில் உங்களைத் தேட முடியாது, அங்கே பகுதிவாரி வீட்டுக் கூடுகைதான் உங்கள் சபை. வீடு மாறினால் ஞாயிறு இடத்தை மாற்றுவதற்கு முன்னால் வீட்டுக் கூடுகையை மாற்றுங்கள்.

தானாக மாறாதவர்கள்

இதுவரை எழுதியது வாடகை கொடுத்து வீடு தேடிப்போகிறவர்களுக்கு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருப்பவர்கள் தேடிப்போனவர்கள் இல்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், சுனாமிக்குப் பிறகு கடற்கரையிலிருந்தும், 2015 வெள்ளத்துக்குப் பிறகும் கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேல் வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருக்க வேண்டும் என்பதுகூட அவர்கள் கையில் இல்லை. வீட்டு வேலைக்குப் பழைய இடத்துக்கே போய்வரும் அக்காமார்களுக்கு ஞாயிறும் பாதி நாள் வேலை. அவர்களிடம் "முதல் எட்டு ஞாயிறு விடாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது பழைய சபைகளுடையது. ஒரு தெரு முழுவதும் காலி செய்யப்பட்டபோது அந்தத் தெருவில் இருந்த நம் குடும்பங்கள் எந்த பிளாக்கில், எந்த மாடியில் இருக்கின்றன என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும், ஞாயிறு மாலையில் அங்கேயே ஒரு ஆராதனை வைக்க வேண்டும், மேல் மாடியிலிருந்து லிஃப்ட் ஓடாத நாளில் இறங்க முடியாதவர்களுக்கு மேலே ஏறிப்போக வேண்டும். 2021-லிருந்து சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான், அதனால் பழைய கோயிலுக்கு மாதம் ஒரு தடவையாவது வந்துபோகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும் அந்த ஞாயிறு பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் முன்னால் இடம் வைத்திருங்கள்.

கமிட்டியில் இருப்பவர்களுக்கு

உங்கள் குடும்பப் பதிவேட்டில் போன வருடம் முகவரி மாறியவர்கள் எத்தனை பேர் என்று உடனே சொல்ல முடியுமா? சந்தாப் பாக்கிப் பட்டியலை மட்டும் வைத்து ஆட்களைத் தேடுகிறோம், அதில் பெயர் வருவதற்குள் வருடம் ஓடிவிடுகிறது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து காணவில்லை என்றால் மூன்றாவது திங்கட்கிழமை ஒரு ஃபோன், அவ்வளவுதான். சந்தாவைப் பற்றி அந்த ஃபோனில் பேசவே கூடாது. மாற்றுக் கடிதத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல் அந்தப் பகுதி ஆயருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்புங்கள். புதிதாக வந்தவரிடம் முதல் கேள்வியாக "எங்கே வேலை, சொந்த வீடா வாடகையா" என்று கேட்காதீர்கள். ஒரு கோயிலில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான், என் கணவர் இரண்டு வருடம் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. நேரலையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2020-ல் கோயில்கள் மூடியபோது அது நம்மைக் காப்பாற்றியது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் தேவை. ஆனால் புதுப்பகுதிக்கு மாறிய குடும்பம் பழைய கோயில் நேரலையையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஃபோன் பண்ணி, பக்கத்துக் கோயிலுக்குப் போகச் சொல்லும் தைரியம் பழைய கோயிலுக்கு வேண்டும்.

ஏற்கனவே ஒரு வருடம் ஆகிவிட்டதென்றால்

வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்களுக்குப் பத்து மாதம் ஆனது. ஞாயிறு காலை முந்நூறு பேர் நடுவில் திடீரென்று போய் நிற்பது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். பெரும்பாலான கோயில்களில் அப்போது பாடகர் குழுப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும், யாராவது பூ வைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருவர் பெஞ்சு துடைத்துக்கொண்டிருப்பார். பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். பின்னால் உட்கார்ந்து இரண்டு பாட்டு கேளுங்கள். பயிற்சி முடிந்து அவர்கள் ஃபேனை அணைத்துவிட்டு வெளியே வரும்போது வாசலில் நின்று, உங்கள் பெயரையும் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லி, நாளைக்குக் காலை எட்டரைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.